தமனியின் உட்படலம்: காயமும் மறுவளர்ச்சியும்

தோலில் ஏற்படும் காயம் ஆறுவதை யாவரும் கண்டிருப்பர். கசிந்த இரத்தம் உறைந்து பொருக்குத் தட்டுகிறது. பொருக்கின் அடியில் புதுத்தோல் ஓரங்களினின்று வளர்ந்து வந்து புண்ணை மூடுகிறது. பின்னர்ப் பொருக்கு தானே உதிர்கிறது. உடலின் அகத்தே, இரத்தம் பாயும் தமனிகளின் உட்புறத்திலும் காயங்கள் ஏற்படுவதுண்டு; அவையும் ஓரங்களினின்று வளரும் புதுப்படலத்தாலேயே மூடப்பெறுகின்றன. ஆயினும் இவ்விரண்டிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. தோலின்மேல் படியும் பொருக்கு நம்மைக் காக்கிறது. தமனியின் உள்ளே படியும் இரத்தக் கட்டியோ குழாயையே அடைத்து உயிரைப் போக்கவும் வல்லது. ஆகவே காயமுற்ற தமனியின் உட்புறம் மூடப்பெறாமல் எத்துணைக் காலம் கிடக்கிறது, அக்காலத்தை நோயாளி எவ்வாறு கடக்க வேண்டும் என்னும் இரு வினாக்களும் மருத்துவத்தில் முக்கியத்துவம் பெறுகின்றன.

இதயத் தமனியின் அடைப்பு நீங்கச் சிகிச்சை பெற்று ஊர் திரும்பியோர் இன்று நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் உள்ளனர். அவர்களை அவர்தம் இல்லத்தில் சந்திக்கும் களப்பணியாளருக்கும், இரத்த ஓட்டத்தைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் பயன்படுமாறு இப்பாடம் அமைக்கப்பெற்றுள்ளது.

தமனிச் சுவரின் அமைப்பு

தமனியின் சுவரை மூன்று படைகளாகப் பிரித்துக் கூறுவர். வெளிப்படை, குழாயைச் சுற்றியுள்ள திசுக்களோடு பிணைக்கும் நார்களால் ஆனது. நடுப்படையில் வரியற்ற தசையும் மீள்தன்மையுள்ள நார்களும் வளையம் வளையமாக அமைந்துள்ளன. குழாய் சுருங்குவதும் விரிவதும் இப்படையின் செயல். உட்படையின் மேற்பரப்பில், ஓடும் இரத்தத்தை நேரே தொட்டுக்கொண்டு, ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் பரவியுள்ளது. இதனையே இங்கு உட்படலம் எனக் குறிக்கிறோம். எண்டோதீலியம் என்னும் பெயரை இதற்கு 1865-இல் சூட்டியவர் வில்ஹெல்ம் ஹிஸ் என்னும் உடற்கூற்று அறிஞர்.

உட்படலத்தின் உயிரணுக்கள் தட்டையானவை. இரத்தம் ஓடும் திசையில் நீண்டவை. பாவப்பட்ட ஓடுகளைப்போல ஒன்றோடொன்று விளிம்பு பொருந்தியவை. உடல்நலமுற்ற வளர்ந்தோரின் தமனியில் இவை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கின்றன. எந்நேரத்தில் நோக்கினும் பிளந்து பெருகிக்கொண்டிருப்பவை மிகச் சிலவே. நாற்புறமும் அண்டை உயிரணு தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை ஓர் உயிரணு பெருகுவதில்லை. இவ்விதியை நினைவில் இருத்துக. மறுவளர்ச்சியின் இரகசியம் இதிலேயே அடங்கியுள்ளது.

உட்படலம் செய்யும் பணி

நெடுங்காலம்வரை உட்படலத்தை, குழாயின் உட்புறத்தில் பூசிய வழவழப்பான பூச்சு என்ற அளவிலேயே பலரும் கருதினர். அது சுறுசுறுப்பான ஓர் உறுப்பு என்பதைக் காட்டிய கண்டுபிடிப்புகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

1976-இல் ஜான் வேன், சால்வடோர் மொன்கடா ஆகியோர் அடங்கிய குழுவினர், தமனிச் சுவர் புராஸ்டாசைக்ளின் என்னும் பொருளைச் சுரக்கிறது எனவும், அது இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது எனவும் நிறுவினர். இரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் நுண்ணிய துணுக்குகளே இத்தட்டணுக்கள்.

இரண்டாவது கண்டுபிடிப்பு அமெரிக்க விஞ்ஞானி இராபர்ட் பர்ச்காட் செய்தது. முயலின் பெருந்தமனியினின்று வெட்டியெடுத்த துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை இட்டால் அவை சுருங்குவதையே அவர் பல ஆண்டுகளாகக் கண்டுவந்தார். ஆனால் உயிருள்ள விலங்கில் அப்பொருள் குழாய்களை விரிக்கிறது. இம்முரண்பாட்டின் காரணம் பின்னரே புலப்பட்டது. துண்டுகளைத் தயாரிக்கும்போது அவற்றின் உட்பரப்பு உராய்ந்து, உட்படலம் அறியாமலே துடைத்தெறியப்பட்டு வந்தது. உட்படலம் சிதையாமல் எடுத்த துண்டு அதே பொருளால் நன்கு விரிந்தது. இதனை அவரும் ஜான் சவாட்ஸ்கியும் 1980-இல் வெளியிட்டனர். தசையை இளக்குமாறு உட்படலம் அனுப்பும் அத்தூது நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயுவே எனப் பின்னர்த் தெளிந்தது. இவ்வாராய்ச்சிக்காகப் பர்ச்காட், லூயி இக்னாரோ, பெரிட் முராட் ஆகிய மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர்.

எனவே, உட்படலம் ஓரிடத்தில் அழியுமாயின் அவ்விடத்தில் மூன்று காவல்கள் ஒருங்கே நீங்குகின்றன. இரத்தம் உறையாதவாறு தடுக்கும் காவல் ஒன்று. தசையை இளக்கிக் குழாயை விரித்து வைக்கும் காவல் மற்றொன்று. அடியிலுள்ள தசை உயிரணுக்கள் அளவின்றிப் பெருகாதவாறு அடக்கும் காவல் மூன்றாவது.

காயம் நேரும் வழிகள்

தமனியின் உட்படலம் இருவகையாக ஊறுபடுகிறது. ஒன்று, மெல்ல மெல்ல நேர்வது. புகையிலைப் புகை, மிகு இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, மிகுந்த கொலஸ்ட்ரால் ஆகியவை பல ஆண்டுகளில் உட்படலத்தைத் தளர்வுறச் செய்கின்றன. குழாய் கிளைபிரியும் இடங்களில் இரத்த ஓட்டம் சீராக இராமல் சுழல்வதால் இத்தளர்ச்சி அங்கேதான் முதலில் தலைகாட்டுகிறது.

மற்றொன்று, மருத்துவர் சிகிச்சைக்காகச் செய்யும்போது தவிர்க்கவியலாது நேர்வது. 1977 செப்டம்பர் 16-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர், சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழலை ஒருவரது இதயத் தமனிக்குள் செலுத்தி, அடைப்புள்ள இடத்தில் பலூனை ஊதிக் குழாயை விரித்தார். நெஞ்சைத் திறக்காமலே அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முறை இவ்வாறு இதயத்திற்கு வந்தது. விரித்த குழாய் மீண்டும் ஒடுங்காதிருக்க, ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழலை உள்ளே நிறுத்தும் வழக்கம் 1986-இல் தொடங்கிற்று. அடைப்பு நீங்குவது பெரும்பயன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பலூன் அழுத்திய இடத்தில் உட்படலம் பெயர்ந்துவிடுகிறது. நடுப்படையும் நசுங்கிக் கிழிகிறது. சிகிச்சையின் விலையாக ஒரு காயம் எஞ்சுகிறது.

காயத்திற்குப் பின் நிகழ்வன

முதல் சில நிமிடங்களிலேயே தட்டணுக்கள் வந்து ஒட்டத் தொடங்குகின்றன. உட்படலத்தின் அடியில் மறைந்திருந்த கொல்லாஜன் நார்கள் இப்போது இரத்தத்திற்குப் புலப்படுவதே இதற்குக் காரணம். ஒட்டிய தட்டணுக்கள் தாம் கொணர்ந்த பொருள்களை வெளிவிடுகின்றன. அவற்றுள் சில மேலும் தட்டணுக்களை அழைக்கின்றன. சில தசை உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகின்றன.

அடுத்து, காயத்தின் விளிம்பில் நிற்கும் உட்படல உயிரணுக்கள் விழித்தெழுகின்றன. ஒரு பக்கத்தில் அண்டை உயிரணு இல்லை என்பதே அவற்றிற்குக் கிடைக்கும் செய்தி. அவை தட்டையாகப் பரந்து, வெற்றிடத்தை நோக்கி மெல்லிய மடல்போல விளிம்பை நீட்டி, அடித்தளத்தைப் பற்றி முன்னேறுகின்றன. இது முதல் கட்டம். இதில் பெருக்கம் இல்லை, இடப்பெயர்ச்சியே உண்டு. ஊறுபட்ட உயிரணுக்களினின்று வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகளின் தூண்டுதலால், விளிம்பிலும் அதற்குச் சற்றுப் பின்னாலும் உள்ள உயிரணுக்கள் பிளந்து பெருகுகின்றன. இது இரண்டாம் கட்டம். எதிரெதிர் ஓரங்களினின்று வந்தவை சந்தித்து, ஒவ்வோர் உயிரணுவும் நாற்புறமும் அண்டையைத் தொட்டவுடன் பெருக்கம் ஓய்கிறது.

சில உயிரணுக்கள் அகலமே உள்ள நுண்காயங்களை எலியின் தமனியில் உண்டாக்கி 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தனர். அவை ஓரிரு நாட்களில் மூடிக்கொண்டன. அடியிலுள்ள தசை தடிக்கவில்லை. அன்றாட வாழ்வில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உயிரணு உதிர்வதை உடல் இவ்வாறே ஓசையின்றிச் செப்பனிட்டுக்கொள்கிறது.

பெருங்காயத்தின் நிலை வேறு. அலெக்சாண்டர் கிளௌஸ் என்னும் அறுவை மருத்துவரும் அவர்தம் கூட்டாளிகளும் எலியின் கழுத்துத் தமனி முழுவதிலும் உட்படலத்தைப் பலூனால் அகற்றி, விளைவை 1983-இல் வெளியிட்டனர். இரு முனைகளினின்றும் உட்படலம் வளர்ந்து வந்தது; ஆயின் ஏறத்தாழ ஆறு வாரங்களில் வளர்ச்சி நின்றுவிட்டது; நடுப்பகுதி மூடப்பெறாமலே கிடந்தது. அங்கே தசை உயிரணுக்களே மேலேறி வந்து இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. இவ்வாறு நின்றுபோன வளர்ச்சியை, ஒரு வளர்ச்சிக் காரணியைச் செலுத்தி மீண்டும் தொடங்கச் செய்யலாம் எனப் பின்னர் 1990-இல் எலிகளில் காட்டப்பெற்றது. ஆகவே உயிரணுக்கள் ஆற்றலை இழந்து நிற்கவில்லை. தூண்டுதல் இன்றியே நின்றன என்பது பெறப்படும்.

ஆராய்ச்சியாளர் அறியும் முறை

கண்ணுக்குப் புலப்படாத இப்படலம் எதுவரை வளர்ந்துள்ளது என்பதை அறிய எளிய முறைகள் இரண்டு உண்டு. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலால் தமனியின் உட்பரப்பைக் கழுவி ஒளியில் வைத்தால், உயிரணுக்களின் எல்லைகளில் வெள்ளி படிந்து கரிய கோடுகளாகத் தெரியும். இம்முறை 19-ஆம் நூற்றாண்டிலேயே கையாளப்பட்டது. இவான்ஸ் நீலம் என்னும் சாயத்தைச் சோதனை விலங்கின் இரத்தத்தில் செலுத்துவது மற்றொரு முறை. உட்படலம் உள்ள இடம் வெண்மையாகவே இருக்க, வெறுமையான இடம் நீலமாகிறது. நாள்தோறும் நீலப்பரப்பு குறைவதை அளந்தால் வளர்ச்சியின் வேகம் கிடைத்துவிடும்.

புதிய உயிரணுக்களின் பிறப்பிடம்

புதுப்படலத்தின் உயிரணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பது பல ஆண்டுகள் விவாதத்திற்கு உள்ளாயிற்று. ஓரங்களினின்றே வருகின்றன என்பது பழைய கொள்கை. 1997-இல் தகயுகி அசஹாரா முதலியோர், எலும்பு மச்சையில் தோன்றி இரத்தத்தில் மிதந்து வரும் முன்னோடி உயிரணுக்கள் உட்படலமாக மாறக்கூடும் என அறிவித்தனர். இதனால் பெரும் நம்பிக்கை எழுந்தது. அத்தகைய உயிரணுக்களைப் பிடித்து நிறுத்தும் பூச்சுடைய ஸ்டென்டுகளும் செய்யப்பெற்றன. ஆனால் மரபணு அடையாளமிட்ட சுண்டெலிகளில் பின்னர் நிகழ்ந்த நுணுக்கமான ஆராய்ச்சிகள் பழைய கொள்கையையே பெரிதும் வலியுறுத்தின. பெருந்தமனியின் காயத்தை மூடுபவை அருகிலிருந்த உட்படல உயிரணுக்களே என 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இரத்தத்தில் வரும் உயிரணுக்கள் தூண்டுபொருள்களைச் சுரந்து துணை செய்யலாம். மூடும் பணியோ அண்டை வீட்டாரின் பணியே.

இரு வளர்ச்சிகளின் போட்டி

காயமுற்ற தமனியில் ஒரே காலத்தில் இரு வளர்ச்சிகள் நடைபெறுகின்றன. மேலே, உட்படலம் ஓரத்தினின்று படர்கிறது. கீழே, நடுப்படையின் தசை உயிரணுக்கள் பெருகி உட்புறம் நோக்கி நகர்கின்றன. உட்படலம் ஓரங்களினின்று வர வேண்டியிருக்க, தசையோ காயத்தின் அடியெங்கும் ஏற்கெனவே உள்ளது. எனவே போட்டியில் தசை முந்திக்கொள்கிறது. எலிகளில் தசையின் பெருக்கம் ஓரிரு நாட்களில் தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் உச்சத்தை எட்டிவிடுகிறது. உட்படலம் வந்து மூடிய இடத்தில் இது அடங்குகிறது. வராத இடத்தில் தொடர்கிறது. உட்படலத்தின் ஊறே தமனி தடிப்பதற்கு வித்து என்னும் இக்கருத்தை 1970-களில் ரசல் ராஸ், ஜான் குளோம்செட் ஆகியோர் விரிவாக எடுத்துரைத்தனர்.

பலூன் மட்டும் கொண்டு சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் சில திங்களில் தமனி மீண்டும் ஒடுங்கியது. குழாய் தானே சுருங்கியது ஒரு காரணம். தசை வளர்ந்தது மற்றொரு காரணம். ஸ்டென்ட் முன்னதைத் தடுத்தது, பின்னதைத் தடுக்கவில்லை. ஆகவே தசை வளர்ச்சியை அடக்கும் மருந்து பூசிய ஸ்டென்டுகள் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் வழக்கத்திற்கு வந்தன. அவற்றில் முதலில் பயன்பட்டவற்றுள் ஒன்றான சிரோலிமஸ் என்னும் மருந்து, பசிபிக் பெருங்கடலிலுள்ள ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரினின்று எடுக்கப்பட்டது. அதனை ஆராய்ந்து 1975-இல் வெளியிட்ட குழுவில் முதன்மையான பங்கு வகித்தவர் கனடாவில் பணியாற்றிய சுரேந்திரநாத் சேகல் என்னும் அறிஞர்.

இம்மருந்துகள் தசையை அடக்கின. மீண்டும் ஒடுங்குதல் பெரிதும் குறைந்தது. ஆனால் தசையை அடக்கும் மருந்து உட்படலத்தையும் அடக்கவே செய்கிறது. மருந்தில்லாத ஸ்டென்டின் மேல் உட்படலம் பெரும்பாலும் மூன்று நான்கு திங்களில் படர்ந்துவிட, முதல் தலைமுறை மருந்து ஸ்டென்டுகளில் சில, ஆண்டுகள் கடந்தும் முழுமையாக மூடப்பெறாதிருந்ததை ரேணு விர்மானி முதலிய நோய்க்கூற்று அறிஞர்கள் 2006-இல் காட்டினர். மூடப்பெறாத உலோகக் கம்பியின்மேல், சிகிச்சை முடிந்து நெடுநாள் சென்றபின் திடீரென இரத்தம் உறைந்து இறந்தோரும் உண்டு. பின்னர் வந்த ஸ்டென்டுகளில் கம்பிகள் மெல்லியவையாகவும் பூச்சுகள் திசுவிற்கு இணக்கமானவையாகவும் ஆக்கப்பட்டதால் இவ்வபாயம் வெகுவாகக் குறைந்துள்ளது, முற்றும் நீங்கிவிடவில்லை.

களப்பணியாளர் அறிய வேண்டுவன

நம் நாட்டில் 2017 பிப்ரவரியில் ஸ்டென்டுகளுக்கு உச்ச விலை வரையறுக்கப்பட்டது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாகவும் எளிய குடும்பத்தினர் இச்சிகிச்சையைப் பெறுகின்றனர். நகர மருத்துவமனையில் இரண்டு மூன்று நாள் தங்கி ஊர் திரும்பும் நோயாளிக்கு நெஞ்சுவலி இல்லை. புறத்தே புண்ணும் இல்லை. ஆகவே நோய் தீர்ந்துவிட்டதென்று கருதி மாத்திரைகளை நிறுத்திவிடுவது இயல்பு. அபாயம் இங்கேதான் உள்ளது.

இத்தகையோருக்கு வழக்கமாக இருவகை மாத்திரைகள் தரப்படும்: ஆஸ்பிரின் ஒன்று, குளோபிடோகிரெல் அல்லது அதனை ஒத்த மருந்து மற்றொன்று. இவை இரண்டும் தட்டணுக்கள் ஒட்டாதவாறு செய்கின்றன. அதாவது, உட்படலம் இல்லாத காலத்தில் அதன் காவற்பணியின் ஒரு பகுதியை இம்மாத்திரைகள் மேற்கொள்கின்றன. தட்டணுக்களின் வாழ்நாள் 7 முதல் 10 நாட்களே. நாள்தோறும் புதியவை பிறந்து வருவதால் மாத்திரையும் நாள்தோறும் வேண்டும். இரண்டையும் சேர்த்து உண்ணும் காலம் மாரடைப்புக்குப் பின் பொதுவாக 12 திங்கள். மாரடைப்பு இன்றி ஸ்டென்ட் வைத்தோருக்குப் பொதுவாக 6 திங்கள். இரத்தப்போக்கு நேரும் இயல்பினருக்கு இதனைக் குறைக்கவும், பிறருக்கு நீட்டிக்கவும் இதய மருத்துவரே முடிவு செய்வார்.

களப்பணியாளர் பின்வருவனவற்றை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் எடுத்துரைத்தல் வேண்டும்.

1. வலி நின்றது என்பதற்காகவோ, மாத்திரை தீர்ந்தது என்பதற்காகவோ, நோன்பு, பயணம் ஆகியவற்றை முன்னிட்டோ மருந்தை நிறுத்தலாகாது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே அடுத்ததைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

2. பல் பிடுங்குதல் முதலிய சிறு சிகிச்சைக்குச் செல்லும்போது ஸ்டென்ட் வைத்துள்ளதை முதலிலேயே சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்துவதா இல்லையா என்பதை இதய மருத்துவரைக் கேளாது எவரும் முடிவு செய்யலாகாது.

3. கரிய மலம், நில்லாத இரத்தக் கசிவு ஆகியவை தோன்றின், தாமே மருந்தை நிறுத்தாமல் உடனே மருத்துவரை அடைய வேண்டும்.

4. நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மீண்டும் தோன்றின் ஒரு கணமும் தாழ்த்தாது 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

5. பீடி, சிகரெட்டு, புகையிலை ஆகியவற்றை அறவே விட வேண்டும். புகை, உட்படலம் தரும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைப்பதோடு அதன் மறுவளர்ச்சியையும் தடைப்படுத்துகிறது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தலும் அவ்வாறே இன்றியமையாதது.

பெருந்தொகை செலவிட்டு வைத்த ஸ்டென்ட், சில ரூபாய் மாத்திரை தவறியதால் அடைபடலாம் என்பதைக் குடும்பத்தார் மனங்கொள்ளுமாறு சொல்வதே களப்பணியாளர் செய்யத்தக்க பேருதவி.

வகுப்பறையில்

பெருந்தமனித் துண்டு இணைந்த ஆட்டு இதயம் ஒன்று கிடைக்குமாயின், அத்துண்டை நீளவாக்கில் பிளந்து அதன் உட்புறத்தை மாணவர்க்குக் காட்டலாம். வழவழப்பான பரப்பையும், கிளைகள் பிரியும் துளைகளையும் அவர்கள் காண்பர். துண்டை மெல்ல இழுத்து விட்டால் நடுப்படையின் மீள்தன்மை விளங்கும். பின்னர் அனைவரும் கையை நன்கு சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

வளர்ச்சியின் கணக்கை ஒரு காகிதப் பட்டையால் விளக்கலாம். 20 சென்டிமீட்டர்ப் பட்டையை 20 மில்லிமீட்டர்க் காயமாகக் கொள்க. உட்படலம் ஒவ்வோர் ஓரத்தினின்றும் நாளொன்றுக்கு 0.2 மில்லிமீட்டர் வளர்வதாக வைத்துக்கொள்வோம். இரு ஓரங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 0.4 மில்லிமீட்டர் மூடும். முழுவதும் மூட 50 நாள் ஆகும். 4 மில்லிமீட்டர்க் காயமோ 10 நாளில் மூடிவிடும். இனி, 20 மில்லிமீட்டர்க் காயத்தின் நட்டநடுவே சிதையாத உட்படலத் திட்டு ஒன்று எஞ்சியதாகக் கொள்க. திட்டின் இரு புறங்களினின்றும் வளர்ச்சி தொடங்குவதால் 25 நாளே போதும். காயம் ஆறுவதற்கு ஓரங்களின் எண்ணிக்கை எத்துணைத் துணை செய்கிறது என்பதை மாணவர் இதனால் உணர்வர். உண்மையான தமனியில் நீண்ட காயத்தின் வளர்ச்சி இடையிலேயே நின்றுவிடவும் கூடும் என்பதை ஆசிரியர் இறுதியில் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

தொகுப்புரை

உட்படலம் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆனதாயினும் இரத்தம் உறையாமலும் குழாய் சுருங்காமலும் தசை தடிக்காமலும் காப்பது அதுவே. அது அழிந்த இடத்தில் அண்டை உயிரணுக்கள் முதலில் நகர்ந்தும் பின்னர்ப் பெருகியும் வெற்றிடத்தை மூடுகின்றன. சிறு காயம் நாட்களில் ஆறும். பெருங்காயம் ஆறத் திங்கள் பல ஆகும். அந்த இடைக்காலத்தில் மருந்தே காவல்.

பயிற்சி வினாக்கள்

1. தோலின் காயமும் தமனியின் உட்காயமும் ஆறும் முறையில் உள்ள ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் கூறுக.

2. பர்ச்காட்டின் தமனித் துண்டுகள் முதலில் சுருங்கியதற்கும் பின்னர் விரிந்ததற்கும் காரணம் யாது?

3. தசை வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை இடையில் நிறுத்துவது ஏன் தீங்காகும்? உம் ஊரிலுள்ள ஒருவருக்குச் சொல்வதுபோல எளிய நடையில் எழுதுக.